இரண்டு பெண்கள் இருந்தாக வேண்டும்

எனக்கு வாலிபால் ஆடத் தெரியாது. இதைக் கேப்டனிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன்.

திருப்பதியில் எம்.சி.ஏ. சேர்ந்த முதல் வருடம் அது. கேன்டீன் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவன் என்னைத் தேடி வந்தான். குடிபாலாப் பக்கத்துப் பையன், என் வகுப்புதான். எங்கள் வகுப்பு வாலிபால் அணிக்கு அவன்தான் கேப்டன். வகுப்பில் எல்லோரும் தெலுங்கு பேசுவார்கள். என்னிடம் மட்டும் அவன் தமிழில் பேசுவான், நானும் தமிழ் பேசும் எல்லையோர நகரிக்காரி என்பதால்.

"உனக்கு ஆடத் தெரியணும்னு யாரு கேட்டா?" என்றான். "சும்மா வந்து கோர்ட்ல நின்னுக்கினு இரு. மத்தத நாங்க பாத்துக்கறோம்."

எங்கள் கல்லூரியில் வருடாவருடம் வகுப்புகளுக்கிடையே ஒரு வாலிபால் லீக் நடக்கும். பல்கலைக்கழக அணிக்கு ஆடுபவர்கள் இதில் சேர முடியாது. மற்றவர்கள் சாயங்காலத்திலும் ஞாயிறு காலையிலும் பொழுதுபோக்காக ஆடுவதற்கென்று ஏற்பட்டது. அந்த வருடம் ஒரு புது விதி கொண்டுவந்திருந்தார்கள். கோர்ட்டில் நிற்கும் ஆறு பேரில் குறைந்தது இரண்டு பேர் பெண்களாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆட்டம் கிடையாது, எதிர் அணி ஜெயித்ததாக எழுதிவிடுவார்கள்.

எங்கள் வகுப்புப் பெண்களில் பாதிக்கு மேல் சித்தூரிலிருந்தும் காளஹஸ்தியிலிருந்தும் பஸ்ஸில் வந்து போகிறவர்கள். நாலு மணிக்கு மணி அடித்ததும் ஓடிவிடுவார்கள். ஹாஸ்டலில் இருந்தவர்களில் இருவர் முகத்துக்கு நேராகவே முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மீதி இருந்தது நானும் குப்பம் என்ற ஊரிலிருந்து வந்த இன்னொருத்தியும்தான். அவள் பள்ளிக்கூடத்திலேயே மாவட்ட அளவில் ஆடியவள். மெலிந்த உடம்பு. நடக்கும்போதுகூடக் குதிகால் தரையில் படாமல் எழும்பி எழும்பி நடப்பாள். அவளை யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை, அவளே முதலில் பெயர் கொடுத்திருந்தாள். இரண்டாவது பெண் கிடைக்காமல்தான் கேப்டன் கேன்டீன் வாசலுக்கு வந்தான்.

முடியாது என்று சொல்லும் வித்தை எனக்கு அப்போது கைவரவில்லை. பெயர் கொடுத்தேன். முதல் ஆட்டம் முடிந்தபின் அணியில் யாரையும் சேர்க்கவோ நீக்கவோ முடியாது என்று இன்னொரு விதி இருந்தது. முதல் ஆட்டம் முடிந்த பிறகுதான் அதை என்னிடம் சொன்னார்கள்.

அந்த முதல் ஆட்டத்தில் எதிர் அணிக்கு என்னைப் புரிந்துகொள்ள அதிக நேரம் ஆகவில்லை. முதல் சர்வீஸ் தற்செயலாக என் பக்கம் வந்தது. கையை நீட்டினேன், பந்து மணிக்கட்டில் பட்டு எங்கோ போனது. இரண்டாவது சர்வீஸும் என்னிடமே வந்தது. மூன்றாவது முறை, சர்வீஸ் போடப் போன பையனிடம் அவர்கள் கேப்டன், "ஆ அம்மாயிக்கி வெய்யி" என்றான். அந்தப் பெண்ணுக்குப் போடு. எனக்குத் தெலுங்கு நன்றாகத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியுமோ தெரியாதோ, தெரிந்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது.

வாலிபாலில் சர்வீஸ் போடும் வரைக்கும் அவரவர் இடத்தில் நிற்க வேண்டும். பின்னால் ஒளிய முடியாது, பக்கத்தில் நிற்பவனோடு இடம் மாற்றிக்கொள்ளவும் முடியாது. எங்கள் அணி பாயிண்ட் எடுத்தால்தான் ஒரு இடம் நகரலாம், பந்து என்னிடமே வந்துகொண்டிருக்கும்வரை பாயிண்ட் எடுக்க வழியில்லை. ஆகவே அதே இடத்தில் நின்றேன். நெட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவன் பந்தைத் தரையில் தட்டித் தட்டி என்னையே பார்த்துக்கொண்டிருப்பான். விசில் ஊதும். பந்து என் மேல் வரும். மார்பில் ஒரு முறை, கழுத்தில் ஒரு முறை. சுற்றி நின்ற கூட்டம் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி "ஓ" என்றது. எங்கள் பையன்கள் யாரும் என்னைத் திட்டவில்லை. "பர்வாலேது, பர்வாலேது", பரவாயில்லை என்று கைதட்டினார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

இடைவேளையில் கேப்டன் பி.டி. சாரிடம் போய்க் கேட்டான். எங்கள் விளையாட்டு ஆசிரியர் அவர். லீக் விதிகளை எழுதியவரும் விசில் ஊதுபவரும் அவரே. ஒரே ஆளுக்கு எல்லா சர்வீஸும் போடக் கூடாதென்று எந்த விதியிலும் இல்லை என்றார்.

அதன் பிறகு நான் வெளியே வரப் பல வழி பார்த்தேன். ஹாஸ்டலில் ஆறு மணிக்குள் இருக்க வேண்டும் என்றேன். கேப்டன் வார்டனிடம் பேசி எனக்குத் தனியாக அனுமதி வாங்கிவந்தான். மணிக்கட்டு வலிக்கிறது என்றேன். கடைவீதிக்குப் போய் எலாஸ்டிக் பட்டை வாங்கிவந்து கொடுத்தான், பணமும் வாங்கிக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன் என்றேன். அவன் முகம் வாடிவிட்டது. இரண்டு தடவை ஆள் இல்லாமல் ஆட்டம் போனால் அணியே லீக்கிலிருந்து நீக்கப்படும். குப்பத்துக்காரிக்குக் காய்ச்சல் வந்ததில் ஏற்கனவே ஒரு தடவை போயிருந்தது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் அவள் என் அறைக்கு வந்தாள். கட்டிலில் உட்காரவில்லை, கதவருகிலேயே நின்றாள்.

"ஊருக்குப் போறியாமே?"

"எனக்கு இது ஒத்து வரல. நீயே பாக்கற இல்ல?"

"பாக்கறேன். எனக்கு இது ஒண்ணுதான் இருக்குது இங்க. நீ வரலன்னா நானும் வெளியதான் நிக்கணும். நான் எவ்ளோ நல்லா ஆடினாலும் நான் ஒருத்திதானே?"

அவள் மிரட்டவில்லை. கெஞ்சவும் இல்லை. கணக்கு சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் ஊருக்குப் போகவில்லை.

சில வாரங்கள் கழித்து எல்லா அணி கேப்டன்களையும் பி.டி. சார் தன் அறைக்குக் கூப்பிட்டார். எங்கள் கேப்டன் என்னையும் அழைத்துக்கொண்டு போனான். என் கை சிவந்து வீங்கியிருந்ததை அவர் பார்க்க வேண்டுமாம். மேஜைக்கு முன் நிறுத்திக் கையை நீட்டச் சொன்னான். மற்ற அணிக் கேப்டன்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பி.டி. சார் தெலுங்கில் கேட்டார், "கஷ்டமாக இருக்கிறதா அம்மா?"

"ஆமா சார்" என்றேன். வேறு என்ன சொல்வது?

மறுநாள் நோட்டீஸ் போர்டில் புது விதி ஒட்டியிருந்தது. கையைக் கீழிருந்து வீசி மெதுவாகப் போடும் சர்வீஸுக்குத் தடை இல்லை. பந்தைத் தலைக்கு மேல் எறிந்து ஓங்கி அடிக்கும் சர்வீஸை, எதிர்ப் பக்கம் முதலில் ஒரு பெண் தொட நேர்ந்தால் அது சர்வீஸ் போட்டவரின் தவறு. பாயிண்ட் தொட்டவரின் அணிக்கு.

எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அன்று சாயங்காலம் குப்பத்துக்காரி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரு உன்ன கேக்கச் சொன்னா?"

"நான் கேக்கல. அவருதான் கேட்டாரு, கஷ்டமான்னு."

"உனக்குக் கஷ்டம்னா உனக்குன்னு சொல்லியிருக்கணும். இப்ப எனக்கும் குழந்தைக்குப் போடற மாதிரி போடுவானுங்க. நான் ஓங்கி வர்ற பந்த எடுக்கத்தான் மா ஆடறேன். அத எடுத்தா விசில் ஊதிடுவாங்களாம்!"

அவளே பி.டி. சாரிடம் போனாள். தன்னை மட்டுமாவது அந்த விதியிலிருந்து விட்டுவிடச் சொல்லிக் கேட்டாள். லீக் நடுவில் எத்தனை தடவை மாற்றுவது என்று அவர் கோபித்துக்கொண்டார். "ரூல் அண்ட்டே ரூலே", ரூல் என்றால் ரூல்தான் என்று முடித்துவிட்டார். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். கோர்ட்டில் பக்கத்துப் பக்கத்தில் நிற்போம். அவளுக்கு நான் வேண்டும், எனக்கு அவள் வேண்டும், யாராவது ஒருத்தி போனால் இருவருக்குமே இடமில்லை. பேச்சு மட்டும் கிடையாது.

புது விதியின் ஓட்டையைக் கண்டுபிடித்தது எங்கள் கேப்டன்தான். எவனாவது ஓங்கி சர்வீஸ் அடித்தால் நான் எங்கே நின்றாலும் ஓடிப்போய் அதைத் தொட்டுவிட வேண்டும். விரல் நுனி பட்டால் போதும், பாயிண்ட் எங்களுக்கு. "பந்து எங்கன்னா போவட்டும், நீ தொடு" என்றான். முன்பு பந்து என்னைத் துரத்தியது, இப்போது நான் பந்தைத் துரத்தினேன். இரண்டு ஆட்டத்தில் அப்படிச் சில பாயிண்ட் எடுத்தோம். அதன் பிறகு எல்லா அணியும் கீழிருந்தே சர்வீஸ் போட ஆரம்பித்தார்கள். ஆட்டம் சவசவ என்று ஆகிவிட்டது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் செல்போனைப் பார்க்கத் தொடங்கினார்கள். கேம்பஸில் நடந்தால் முகம் தெரியாத பையன்கள்கூட என்னைச் சுட்டிக்காட்டி ஏதோ சொல்லிக்கொண்டு போவார்கள். அந்த விதிக்கு என் பெயர் வைத்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

அக்கா குழந்தைக்குக் காதுகுத்து நாராயணவனம் கோயிலில் வைத்திருந்த ஞாயிற்றுக்கிழமைதான் எங்களுக்கு அரையிறுதியும் வந்தது. காலை ஏழு மணிக்கு ஆட்டம். பத்தரைக்குக் காதுகுத்து. புத்தூர் பஸ் பிடித்து அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் போனால் நேரத்துக்குச் சேர்ந்துவிடலாம், ஆட்டம் சீக்கிரம் முடிந்தால். ஜெயித்தால் சாயங்காலம் நாலு மணிக்கு இறுதி ஆட்டம். அதனால் தோற்றுவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் கோர்ட்டில் இறங்கினேன். முந்தின நாள் என் அப்பா, நைனா, போன் செய்திருந்தார். "காத்தால வந்துடு. உங்க அக்கா உன்னத்தான் கேட்டுக்கினு கீறா" என்றார். வீட்டுத் தறிச் சத்தத்தில் பாதிதான் கேட்டது. வந்துடறேன் நைனா என்று கத்திச் சொன்னேன்.

முதல் செட்டைத் தோற்றோம். எனக்குள் கொஞ்சம் சந்தோஷம். இரண்டாவதை எங்கள் பையன்கள் எடுத்துவிட்டார்கள். மூன்றாவது செட் இழுத்துக்கொண்டே போனது. மலைப் பக்கமிருந்து வெயில் இறங்கி கோர்ட்டில் பாதியை மூடியது. நான் பையையும் செருப்பையும் ஓரத்தில் தயாராக வைத்திருந்தேன், ஒவ்வொரு பாயிண்டுக்கும் அதைத்தான் பார்த்தேன்.

எதிர் அணியில் ஒரு நெட்டையன் இருந்தான். குப்பத்துக்காரியும் அவனும் விடியற்காலையில் மைதானத்தில் பந்து அடித்துப் பழகுவார்கள், பார்த்திருக்கிறேன். மூன்றாவது செட்டில் அவன் சர்வீஸ் போட வரும்போதெல்லாம் அவள் அவனையே பார்த்தாள். எங்களுக்கு ஜெயிக்க ஒரே ஒரு பாயிண்ட் பாக்கி இருந்தபோது, அவன் பந்தை வாங்கிக்கொண்டு போகையில், அவள் நெட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்துச் சொன்னாள்:

"ஒக்கசாரி மஞ்சிகா கொட்டு."

ஒரே ஒரு முறை நல்லா அடி. பக்கத்தில் நின்ற எனக்கு நன்றாகக் கேட்டது.

கீழிருந்து போட்டால் எங்கள் பையன்கள் அடித்து முடித்துவிடுவார்கள் என்று அவன் நினைத்திருக்க வேண்டும். கேப்டன் நின்ற பின் மூலையைப் பார்த்து, பந்தை உயர எறிந்து ஓங்கி அடித்தான். பந்து கேப்டனுக்கும் குப்பத்துக்காரிக்கும் நடுவில் வந்தது. "தொடு! தொடு!" என்று கேப்டன் கத்தினான். அவள் அதைக் கேட்டாளா என்பதே சந்தேகம். ஒரு எட்டு வைத்து, முழங்காலை மடக்கி, இரண்டு கையையும் சேர்த்து அந்தப் பந்தை எடுத்தாள். அவ்வளவு வேகத்தில் வந்தது அவள் கையில் பட்டதும் அடங்கி, நெட்டுக்குப் பக்கத்தில், எங்கள் பையன் கேட்டு வாங்கிய மாதிரியான இடத்தில் போய் இறங்கியது. அத்தனை நாளில் அப்படி ஒருவர் பந்தை எடுத்து நான் பார்த்ததில்லை. எங்கள் பையன் எழும்பி அதை அந்தப் பக்கம் அடித்துத் தரையில் இறக்கவும் செய்தான்.

ஆனால் விசில் அதற்கு முன்பே ஊதியாகிவிட்டது. பி.டி. சார் நெட்டையனைக் காட்டிக் கையைத் தூக்கினார். சர்வீஸ் தவறு. பாயிண்ட் எங்களுக்கு. ஆட்டமும் எங்களுக்கு.

எங்கள் பையன்கள் துள்ளினார்கள். கேப்டன் அவள் முதுகில் தட்டி, "சூப்பர் மூளை!" என்றான். அவள் நெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெட்டையன் அந்தப் பக்கத்திலிருந்து வந்து, சத்தம் போடாமல், "மோசம் சேசாவு" என்றான். ஏமாற்றிவிட்டாய்.

"லேது" என்றாள் அவள். இல்லை. அவன் போய்விட்டான்.

நான் பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். பஸ் நிலையத்தில் திருப்பதி ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், எங்கே பார்த்தாலும் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள். புத்தூர் பஸ்ஸில் இடம் பிடித்து உட்கார்ந்தால், பக்கத்தில் அவள் வந்து உட்கார்ந்தாள். ஜெர்சியைக்கூட மாற்றவில்லை.

"நீ எங்க வர?"

"நீ திரும்பி வர மாட்டன்னு கேப்டனுக்கு பயம். கூடப் போயி இட்டுக்கினு வரச் சொன்னான்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் அக்கா குழந்தையின் காதுகுத்துக்குக்கூட ஒரு காவல். பஸ் ஊர் எல்லையைத் தாண்டியது. பிறகு அவளே சொன்னாள்.

"நான் ஏமாத்தல."

"தெரியும். நீ எடுத்தத நான் பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

எனக்கு அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச ஒழுங்கான வார்த்தைகள் தெரியாது. "பந்து உன் கைல வந்து தூங்கிடுச்சு" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அழுகிறாளா என்று நான் பார்க்கவில்லை.

போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. குழந்தை மொட்டைத் தலையும் சிவந்த காதுமாக அக்கா மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அக்கா என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மா இலை போட்டாள். நைனாதான் எழுந்து வந்தார்.

"இன்னா பாப்பா, இப்பத்தான் வரியா? எல்லாம் ஆயிப்போச்சி. சரி, மொதல்ல துன்னு. இது யாரு?"

அவள் குப்பம் என்றதும் நைனா பக்கத்தில் உட்கார்ந்து மழை, விவசாயம் எல்லாம் விசாரித்தார். பிறகு, வீட்டு விசேஷத்துக்குக்கூட விடாத அது என்ன ஆட்டம் என்று கேட்டார். அவள் பொறுமையாகச் சொன்னாள், ஆறு பேர், அதில் இரண்டு பெண்கள், இல்லையென்றால் ஆட்டமே கிடையாது.

"ஓகோ!" என்றார் நைனா. என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப என் பொண்ணு இல்லாம ஆட்டமே நடக்காது! அப்படிச் சொல்லு."

அக்கா வீட்டு ஆட்களிடமும் அதைச் சொல்ல எழுந்து போனார். அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்துக்கொண்டு நான் சாம்பார் சோற்றைப் பிசைந்தேன். மறுத்துச் சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தாலும் எதை என்று சொல்வேன்?

சாப்பிட்டு முடிப்பதற்குள் கேப்டனிடமிருந்து போன் மேல் போன். கை கழுவும் இடத்தில் வைத்து நான் குப்பத்துக்காரியிடம் கேட்டேன், "போகாம இருந்துடலாமா?"

அவள் குழாயை மூடினாள். "எனக்கும் அப்படித்தான் இருக்குது" என்றாள். "ஆனா அந்த நாலு பேரு இன்னா தப்பு பண்ணானுங்க?"

அக்காவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். குழந்தையின் காலைத் தொட்டுவிட்டு, "அடுத்த வாரம் வரேன் க்கா" என்றேன். "உங்க ஆட்டக்காரங்க விட்டா வா" என்றாள்.

நாலு மணி ஆட்டத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தோம். அந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எதிர் அணி புத்திசாலிகள். காலையில் நடந்தது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, ஏமாற்றுக்காரி என்று கூட்டத்தில் ஒருவன் கத்தவும் செய்தான். அவர்கள் சர்வீஸைக் கீழிருந்து போட்டார்கள், அதையும் எங்கள் இருவரிடமிருந்து விலக்கியே போட்டார்கள். அடித்த பந்தையும் எங்கள் பக்கம் அடிக்கவில்லை. எங்கள் பையன்களும் ஜெயிக்கும் பதற்றத்தில் எங்களுக்குப் பந்து தரவில்லை. எங்கள் தலைக்கு மேலே அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கமும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கமும் பந்து போய்க்கொண்டிருந்தது. விதிப்படி நாங்கள் இருவர் கோர்ட்டில் இருந்தோம். நான் ஆசைப்பட்டதும் அதுதானே, யாரும் என்னைத் தொந்தரவு செய்யாமல் சும்மா நிற்பது. நின்றேன். மூச்சு முட்டியது. அவள் ஒவ்வொரு பந்துக்கும் முழங்காலை மடக்கித் தயாராகி, மறுபடி நிமிர்ந்துகொண்டிருந்தாள். இரண்டு செட்டிலும் தோற்றோம்.

அடுத்த வருட லீக் அறிவிப்பு வந்தபோது சர்வீஸ் விதி எடுக்கப்பட்டிருந்தது. இரண்டு பெண்கள் விதியும் எடுக்கப்பட்டிருந்தது. அணிக்கு ஆறு பேர், ஆண்கள். பெண்களுக்குத் தனி லீக், போதுமான அணிகள் சேர்ந்தால். குப்பத்துக்காரி ஹாஸ்டலில் அறை அறையாகப் போய்ப் பெயர் கேட்டாள். அணி ஒன்றுகூட முழுசாகச் சேரவில்லை. பி.டி. சாரிடம் கேட்டதற்கு, போன வருடம் எவ்வளவு சண்டை, இந்தச் சிக்கலே வேண்டாம் அம்மா என்றாராம்.

என்னை விட்டுவிட்டார்கள். சாயங்காலம் என்னுடையது, ஞாயிற்றுக்கிழமை என்னுடையது. அந்த அறிவிப்பின் முன் நின்றபோது எனக்கு வர வேண்டிய சந்தோஷம் வரவில்லை. மைதானத்தைச் சுற்றிப் போகும் வழியை விட்டு, நூலகத்துப் பின்பக்க வழியாக ஹாஸ்டலுக்கு நடக்க ஆரம்பித்தேன்.

ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போகத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவள் அறைக் கதவில் நின்றாள், இடுப்பில் பந்து.

"வா, கீழ."

"எனக்கு வராது மா. உனக்கே தெரியும்."

"வராதுன்னு தெரியும். ஆனா ஓங்கி அடிச்சா எதிர்ல நிக்க ஒரு ஆளு வேணும் எனக்கு. வேற யாரு இருக்கா?"

நைனாவுக்குப் போன் போட்டு அடுத்த பஸ்ஸில் வருகிறேன் என்றேன். ஹாஸ்டலுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிச் சுவருக்கு முன் என்னை நிறுத்தினாள். இருபது அடி தள்ளிப் போய் நின்று பந்தை உயர எறிந்தாள். நான் கையைச் சேர்த்துக்கொண்டேன். முதல் பந்து தோளில் பட்டுச் சுவருக்குப் போனது. பொறுக்கி அவளிடம் எறிந்தேன்.

"முட்டிய மடக்கு" என்றாள்.